சாபம் பட்ட நாலு ஏக்கர்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். பெருந்துறைப் பக்கம் நாலு ஏக்கர் வாங்கப் போனபோது, வெள்ளைக்காரர் காலத்துப் பத்திரத்தில் ‘அக்கர்ஸ்ட்’ என்றொரு சொல் இருந்தது.

“சாபம் பட்ட பூமின்னு அர்த்தமுங்க. பழைய இங்கிலீசு, இப்ப யாரும் பேச்சுல சொல்றதில்லீங்க,” என்றார் வக்கீல்.

“சொல்லே செத்துப்போச்சு. சாபம் மட்டும் உசுரோட இருக்குமாங்க?” என்றேன்.

என் மனைவி கருப்பாத்தாள் மசியவில்லை. “கோயில்ல பூ கேளுங்க. வெள்ளைப்பூ வந்தாத்தான் நான் அங்க கால் வைப்பேன்.”

கேட்டோம். சிவப்புதான் வந்தது. நான் வாங்கிவிட்டேன், அவள் வரவேயில்லை.

கிணறு வெட்டித் தென்னை வைத்தேன், ஒற்றை ஆளாக. ஆறாம் வருஷம் முதல் குலை இளநீரை வீட்டுக்கே கொண்டுபோய்ச் சீவிக் கொடுத்தேன். குடித்தவள் செருப்பைத் தேடினாள்.

“ஏனுங்க, சாபம் இப்படி இனிக்குதுங்களே! வண்டியை எடுங்க, நானும் வாரேன்.”