இடது காலை நம்பாத வண்டி

முதுகில் அடிபட்ட பிறகு என் இடது கால், முழங்காலுக்குக் கீழே, சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பண்ருட்டிக்கு முந்திரி மூட்டை ஏற்றிய வேனின் மேல் நின்று தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து கீழே விழுந்தேன். கைத்தடி இருந்தால் நடப்பேன். வேன் ஓட்டும் பிழைப்பு அத்தோடு போயிற்று. என் மனைவிக்கு நெய்வேலியிலேயே பர்மனென்ட் வேலை, குவார்ட்டர்ஸும் அவள் பெயரில். அதனால் சாப்பாட்டுக்குக் கவலையில்லை. ஆனால் முடிவெட்டப் போவதென்றால்கூட அவளுக்கு நேரம் கிடைத்து, அவளுடைய ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தால்தான் உண்டு.

காலையில் கிளம்பும்போது கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுப் போவாள். எங்கள் பிளாக்கில் மாடுகள் அதிகம். கேட் திறந்திருந்தால் உள்ளே புகுந்து செடிகொடியை மேய்ந்துவிடும். சாவி அவள் கைப்பையில்.

"நீங்க எங்க போவப்போறீங்க?" என்றாள் ஒருநாள். அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையைத்தான் சொன்னாள். ஆனாலும் அந்தச் சங்கிலி கம்பியில் உரசும் சத்தம் கேட்டால் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவேன். ஷிஃப்ட் சங்கு ஊதி ஓய்ந்ததும் தெரு வெறிச்சோடிப் போகும். நான் முன்னறைக்கும் பின்கட்டுக்கும் நடந்துகொண்டிருப்பேன்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தவர் ரிட்டயர் ஆகி, மகனோடு இருக்க ஊரைவிட்டுக் கிளம்பினார். அவரிடம் ஒரு பழைய புல்லட் இருந்தது.

"தம்பி, பையன் ஃபிளாட்ல இத நிறுத்த எடமில்ல. காயலான் கடைக்குப் போடவும் மனசு வரல. நீங்க வச்சுக்கோங்க."

பரிதாபத்துக்குத்தான் கொடுத்தார். வண்டியைப் பின்கட்டில் நிறுத்திவிட்டு அவர் போன பிறகுதான் கவனித்தேன். அந்தக் காலத்துப் புல்லட். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இப்போதைய வண்டிகளுக்கு நேர்மாறு. என் வலது காலுக்கு ஒரு குறையும் இல்லை. பிரேக்கை மட்டும் கைக்குக் கொண்டுவந்துவிட்டால் என்னால் ஓட்ட முடியும்.

"நிக்கறதுக்கே தடி வேணும். இதுல வண்டி வேறயா?" என்றாள் மனைவி. ஆனாலும் நான் கேட்ட பிரேக் கேபிளை வாங்கிக்கொண்டு வந்தாள்.

சிமென்ட் தரையில் உட்கார்ந்து, பிரேக் மிதியையும் அதன் நீளக் கம்பியையும் கழற்றினேன். கிளட்ச் பிடிக்குக் கீழே ஒரு மொபெட் பிரேக் பிடியை மாட்டி, கேபிளைப் பின்சக்கரத்துக்கு இழுத்தேன். இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். சக்கரம் நிற்கவில்லை. கேபிள் இழுக்கும் இரும்புக் கையை இன்னும் நீளமாக வைத்து வெல்டிங் செய்து வாங்கி வரும்படி அவளிடம் சொன்னேன். அதை மாட்டிய பிறகு சக்கரம் நின்றது. அன்றைக்கு நான் சத்தமாகச் சிரித்ததைக் கேட்டு அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

இனிப் பாக்கி இருந்தது என் கால்தான். மிதிகட்டையில் வைத்தால் வழுக்கி வழுக்கி விழுந்தது. பழைய பையிலிருந்து வாரை வெட்டி, பக்கிள் வைத்து, காலை மிதிகட்டையோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும்படி செய்தேன். அதை அவளிடம் காட்டவில்லை.

அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு முற்பகலில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். வலது பக்கமாக நின்று, இடது காலைக் கையால் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, வாரைக் கட்டினேன். நடு ஸ்டாண்டிலிருந்து இறக்க உடம்பை முன்னால் உந்தினேன். வண்டி இறங்கியது. இறங்கிய வேகத்தில் இடது பக்கம் சாய்ந்தது.

முன்னாலிருந்த லெக் கார்டு கம்பி பாரத்தைத் தாங்கியதால் எலும்பு தப்பித்தது. ஆனால் பக்கிள் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கை எட்டவில்லை. போன் துணி துவைக்கும் கல்மேல் இருந்தது. டேங்க்கிலிருந்து பெட்ரோல் கசிந்து சட்டையை நனைத்தது. கத்திப் பார்த்தேன். ஒரு பக்கத்து வீட்டுக்காரர் ஊரைவிட்டே போய்விட்டிருந்தார். மறுபக்கத்து வீடு முன்பிருந்தே காலி. யாராவது வந்தாலும் கேட்டுக்கு வெளியே நின்று என்ன செய்வார்கள் என்று தோன்றியதும் கத்துவதை நிறுத்திவிட்டேன். வெயில் சுவரைத் தாண்டி என்மேல் வந்தது. எறும்பு காலில் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு அவள் வந்தபோது குரல் கொடுத்தேன். பூட்டைத் திறக்க முடியாமல் அவள் தடுமாறுவது கேட்டது. ஓடிவந்து வண்டியைத் தூக்கிப் பார்த்தாள், முடியவில்லை. காய் நறுக்கும் கத்தியைக் கொண்டுவந்து, தரையில் படுத்துக் கையை உள்ளே விட்டு வாரை அறுத்தாள்.

"இத நாளைக்கே வித்துடுங்க" என்றாள், மூச்சு வாங்க.

"கேட்டுப் பூட்டை என்ன பண்றது?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "மாட்டுக்காவத்தான் பூட்டறேன்னு நெனச்சிகினு இருக்கீங்களா? நீங்க தனியா வெளிய போயி எங்கயாவது வுழுந்து கெடந்தா எனக்கு யாரு சொல்லுவா? ஆபீஸ்ல போன் அடிச்சாலே நீங்கதானோன்னு எழுந்து நின்னுடறேன்."

"நான் பூட்டுன கேட்டுக்குள்ளதாம்மா வுழுந்தேன்."

என் காலில் ஏறிய எறும்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் சங்கிலி வெறுமனே தொங்கியது. வாருக்குப் பதிலாக, குதிகாலை மட்டும் ஏந்துகிற, பக்கவாட்டில் திறந்த இரும்புத் தட்டு ஒன்றை அவளே பட்டறையில் நின்று செய்து வாங்கி வந்தாள். முதல் தடவை நான் பிளாக்கைச் சுற்றி வந்தபோது ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தாள். திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டேன்.

இப்போது தனியாகத்தான் போகிறேன். ஆனால் வலது காலால் கிக்கரை உதைக்க இடது காலில் நின்றாக வேண்டும். அது என்னால் ஆகாது. ஆபீஸுக்குக் கிளம்பும் முன் அவள்தான் உதைத்துத் தருகிறாள், புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு. நான் திரும்பி வந்து, ஸ்டாண்ட் போட்டுத் தந்த பிறகுதான் அவள் போகிறாள். போன இடத்தில் யாராவது பிடித்து ஸ்டாண்ட் போட்டால்தான் நான் இறங்க முடியும். எல்லோரிடமும் அதைக் கேட்க வாய் வருவதில்லை. அதனால் வீடு திரும்பும்வரை இன்ஜினை அணைப்பதில்லை.

சென்ற வாரம் பஸ் நிலையத்துப் பக்கம் டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினேன்.

"வண்டிய ஆஃப் பண்ணிட்டு உள்ள வந்து உக்காருங்களேன்" என்றார் கடைக்காரர்.

"பரவால்லங்க, இங்கயே குடுங்க."

அவர் டம்ளரைத் தெருவுக்குக் கொண்டுவந்து தந்தார். வலது காலைத் தரையில் ஊன்றி, கீழே இன்ஜின் அதிர, டீ சிந்தாமல் குடித்தேன். பண்ருட்டி பஸ் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. பெட்ரோல் எவ்வளவு இருக்கும் என்று டேங்க்கை ஆட்டிப் பார்த்துவிட்டு வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினேன்.