தோரணத்தின் பின்பக்கம்

கரண்டு விஷயத்தில் எனக்கு மிக்ஸி சுவிட்சைத் தாண்டி ஒன்றும் தெரியாது. ஆனால் வாய் மட்டும் எல்லாம் தெரிந்த மாதிரி பேசும். ஆயுத பூஜைக்கு எங்கள் தையல் லைனுக்கு விளக்குத் தோரணம் கட்டலாம் என்று முதலில் வாயை விட்டவள் நான்தான். செய்து முடித்தவள் வேறொருத்தி.

நாங்கள் வேலை பார்ப்பது பொம்மனஹள்ளியில் சட்டை தைக்கும் ஃபேக்டரியில். சுற்றிலும் துணி என்பதால், அலங்காரத்துக்காக ப்ளக் பாயிண்டில் எதையும் செருகக் கூடாது என்று உத்தரவு. அதனால் பேட்டரியில் எரிகிற குட்டி எல்.இ.டி. பல்புதான் வழி.

அந்த வேறொருத்தி எனக்குப் பக்கத்து மெஷின்காரி. காலர் வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. ஒருநாள் ஊசி வலது ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. புண் ஆறியது, விரல்நுனி மட்டும் வளைந்தபடியே நின்றுவிட்டது. அவளை நூல் வெட்டும் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். மெஷினைத் திருப்பிக் கேட்கும்போதெல்லாம் ஃப்ளோர் இன்சார்ஜ், “கை சரியாகட்டும்மா, நோடோணா” என்பார். கன்னடத்திலும் ‘பார்க்கலாம்’ என்றால் நம் ஊர் ‘பார்க்கலாம்’தான். நடக்காது என்று அர்த்தம்.

தோரணப் பேச்சு வந்ததும் அவள் சொன்னாள்: “ஒயர் வேலை முழுக்க நாந்தான் செய்வேன். எரிஞ்சுச்சுன்னா சாரைக் கூட்டியாந்து பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டணும். இந்த வெரலாலதான் செஞ்சேன்னு சொல்லணும்.”

“எரியலைன்னா?”

“அப்புறம் மெஷினைக் கேக்கவே மாட்டேன்டி.”

ஞாயிற்றுக்கிழமை என் ரூமில் உட்கார்ந்தோம். எலக்ட்ரிக் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டில் வாங்கி வந்த பல்பு ஒவ்வொன்றும் கொத்தமல்லி விதை அளவுதான். அதற்கு இரண்டு கம்பிக் கால்கள், நீளமானது பிளஸ், குட்டையானது மைனஸ். போனில் ஒரு வீடியோவை நாலு தடவை பார்த்தோம். என் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

“நம்ம மெஷின்ல மேல் நூலு, அடியில பாபின் நூலுன்னு ரெண்டு இருக்குல்ல? அது ரெண்டும் சேந்தாத்தான் தையல். இங்க செவப்பு ஒயரும் கருப்பு ஒயரும் சேரவே கூடாது. நடுவுல பல்பு மட்டும்தான் ரெண்டையும் தொடணும். அவ்ளோதான்.”

அடேயப்பா! அந்த வீடியோக்காரன் அரைமணி நேரம் பேசியும் விளங்காதது ஒரே வார்த்தையில் விளங்கிவிட்டது.

மிச்சத் துணியில் மஞ்சள் பூக்கள் வெட்டுவது என் வேலை. அவள் நீளமான துணிப்பட்டியின் பின்னால் மேல் ஓரமாகச் சிவப்பு ஒயரையும் கீழ் ஓரமாகக் கருப்பு ஒயரையும் கைத்தையல் போட்டு ஓட்டினாள். பூ வரும் இடங்களில் பிளேடால் ஒயரின் தோலைச் சுரண்டி, நீளக்காலைச் சிவப்பிலும் குட்டைக்காலைக் கருப்பிலும் சுற்றி டேப் ஒட்டினாள். அந்த வளைந்த விரலுக்குள் ஒயரை மடக்கிப் பிடித்துக்கொண்டே தைத்தாள். இருபத்தொரு பூவிலும் ஒரு தையல்கூட முன்னே பின்னே விழவில்லை.

அவள் முகம் கழுவப் போனாள். பட்டியின் கடைசியில் இரண்டு ஒயர் நுனிகளும் செம்பு தெரியத் தொங்கிக்கொண்டிருந்தன. எனக்குக் கை சும்மா இருக்குமா? இரண்டையும் சேர்த்து முறுக்கி, இறுக்கமாக ஒரு முடிச்சுப் போட்டு வைத்தேன்.

வந்து பேட்டரிப் பெட்டியை மாட்டினாள். ஒன்றுகூட எரியவில்லை. பெட்டிதான் கொதித்தது.

“கட்டைல போறவன், டூப்ளிகேட் பல்பைத் தலையில கட்டிட்டான்!” என்று நான் கடைக்காரனைக் கிழித்துத் தொங்கவிட்டேன். அவள் பேட்டரியைக் கழற்றினாள். தன் விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முதல் பூவிலிருந்து ஒயரைத் தடவிக்கொண்டே கடைசி வரைக்கும் போனாள்.

“இதை யாருடி முடிச்சு போட்டது?”

“போடலைன்னா தையல் பிரிஞ்சிடாதா?”

கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். முடிச்சை அவிழ்த்து, நுனிகளுக்குத் தனித்தனியாக டேப் சுற்றி மறுபடி மாட்டினாள். இருபத்தொன்றும் எரிந்தன. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பூஜை அன்று இன்சார்ஜ் எங்கள் லைனுக்கு வந்தார். தோரணத்தைப் பார்த்து, “சென்னாகிதே, நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அவள் குறுக்கே போய் நின்றாள்.

“சார், ஒரு நிமிஷம். பின்னாடி பாருங்க.”

திருப்பினார். சட்டையைச் சோதிப்பது மாதிரியே நகத்தைத் தையல்மேல் ஓட்டிக்கொண்டு போனார். எங்கேயும் நகம் சிக்கவில்லை.

“யாரு கைம்மா இது?”

அவள் வலது கையை நீட்டினாள். ‘இந்த வெரலாலதான்’ என்று சொல்ல என் நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் விரலைப் பார்த்தார், மறுபடி தையலைப் பார்த்தார்.

“லீவு முடிஞ்சு வந்ததும் காலர் மெஷின்ல உக்காரும்மா.”

அவர் அடுத்த லைனுக்குப் போவதற்குள் அவள் போய் உட்கார்ந்துவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பெடல் மேல் காலை வைத்தாள்.

“பொட்டு வெச்ச மெஷினை இன்னைக்கு மிதிக்கக் கூடாதுடி” என்றேன்.

“மிதிக்கலடி. சும்மா வெச்சிருக்கேன்” என்றாள்.