இரண்டாம் கேசட்

எண்பதுகளில் ஜெலுத்தோங் பிளாட்டில் இருந்தபோது, நான் உருகி உருகி வாசித்த தொடர்கதை படமாகி, இரண்டு வீடியோ கேசட்டுகளாக வந்தது. வாடகைக்கு எடுத்துவந்து, பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டுப் போட்டேன். கதையில் பாதிக்குமேல்தான் சாகும் கதாநாயகி, படத்தில் ஆரம்பத்திலேயே இறந்துவிட்டாள்.

"கதையையே கெடுத்துட்டான் லா இந்த டைரக்டர்!" என்று கொதித்தேன்.

"சும்மா இரு லா, பிளாஷ்பேக் வரும்," என்றார் அக்கா, அழுதுகொண்டே.

பிளாஷ்பேக் வராமலே படம் முடிந்து திரையில் 'வணக்கம்' வந்தபோதுதான் விளங்கியது. அவசரத்தில் இரண்டாம் கேசட்டை முதலில் போட்டிருக்கிறேன்!

மனம் கேட்காமல் முதல் கேசட்டையும் பார்த்தோம். செத்தவள் வந்து ஆடினாள், பாடினாள், கடைசியில் மணமேடையில் சிரித்தாள். அக்காவும் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போனார்.

அன்றிலிருந்து, அழுகைப் படம் என்றால் எங்கள் வீட்டில் இரண்டாம் கேசட்தான் முதலில்.