நீதிபதியாக என் முதல் வழக்கு

ரொறன்ரோவில் பல வருடங்கள் அகதிகளின் உரிமைகளுக்காக வாதாடிய வழக்கறிஞர் நான். கனடாவின் சமஷ்டி நீதிமன்ற நீதிபதியான பிறகு வந்த முதல் வழக்கிலேயே, ஒரு தாயை மறுநாள் நாடு கடத்தலாமா என்று நான் முடிவு செய்யவேண்டியிருந்தது. முன்பெல்லாம் தோற்றால் நீதிபதியைக் குறை சொல்வேன். இப்போது அந்த நீதிபதியே நான்.

விசாரணை இடைவேளையில் கணவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“எனக்குப் பயமாக் கிடக்குது.”

“பயமில்லாத நீதிபதியளுக்கு முன்னால நிண்டிட்டு வந்து எத்தினை நாள் அழுதிருக்கிறீர்?” என்றார்.

திரும்பிப் போய் இரு தரப்பையும் பொறுமையாகக் கேட்டேன். அந்தத் தாய்க்கு ஊரில் இருந்த ஆபத்தை யாரும் சரியாக ஆராயவில்லை என்பது தெரிந்தது. நாடு கடத்தலை நிறுத்திவைத்தேன். அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

என் பயம் போகவில்லை. இன்றும் ஒவ்வொரு வழக்கிலும் வருகிறது. அது வராமல் போகும் நாளை நினைத்தால்தான் அதிகம் பயமாக இருக்கிறது.