எண்ணிக்கையில் வராத வாசகர்

வாவிக்கரையில் உள்ள எங்கள் பல்கலைக்கழக வளாக நூலகத்தில் அஸீமா உதவியாளராகச் சேர்ந்தபோது, நான் ஏற்கெனவே இரவல் பகுதியில் இருந்தேன். இருபத்திரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. அதனால் அவளைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு. வாசித்தால் கோபிப்பாள், கோபிக்கட்டும்.

ஏறாவூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். மாடியிலுள்ள ஆய்வுச் சஞ்சிகைகள் அவள் பொறுப்பு. அங்கே சுவரில் பெரிய எழுத்தில் ஓர் அறிவித்தல்: வாசித்த சஞ்சிகைகளை இறாக்கைத் தட்டுகளில் திரும்ப வைக்க வேண்டாம், மேசையிலேயே விட்டுச் செல்லவும். பின்னேரம் நாலு மணிக்கு அவள் ஏறிப்போய், மேசைகளில் கிடப்பவற்றை எண்ணிப் படிவத்தில் எழுதிவிட்டு, ஒவ்வொன்றாக அடுக்குவாள். எந்தச் சஞ்சிகைக்கு எத்தனை வாசகர் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அந்தப் படிவங்களை ஒரு காக்கை குருவிகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. இதை எழுதி யாருக்குக் காட்டப் போகிறாய் என்று நான் பகிடி பண்ணுவேன். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

பிறகு டொலர் ஏறிய வருடம் வந்தது. சந்தா கட்ட வழியில்லை, முப்பத்தொரு சஞ்சிகைகளில் ஆறை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று மேலிடம் சொல்லிவிட்டது. எதை நிறுத்துவது என்று பார்க்க நூலகர் அஸீமாவின் படிவங்களைக் கேட்டார். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்கவில்லை. இரண்டு கிழமை இருந்து கூட்டிக் கொடுத்தாள். இறால், நண்டு நோய்கள் பற்றிய சஞ்சிகைக்கு மூன்று வருடமாகப் பூச்சியம். முதலில் வெட்டுப்பட்டது அதுதான்.

அடுத்த தை மாதம் திவாகரன் வந்து, அந்தச் சஞ்சிகையின் புதிய இதழ் வரவில்லையா என்று கேட்டான். செட்டிபாளையத்துப் பிள்ளை, தற்காலிக விரிவுரையாளர். வாவி நண்டுகளின் ஓட்டில் வரும் புண்ணைப் பற்றி முதுதத்துவமாணிப் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருந்தான். பட்டம் கிடைத்தால்தான் வேலை நிரந்தரமாகும். மூன்று வருடமாக மாடி மூலையில் இருந்து அதைத்தான் வாசித்திருக்கிறான். வாசித்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே வைத்திருக்கிறான். மூலையில் ஒரு பிள்ளை இருப்பது அஸீமாவுக்குத் தெரியும். என்ன வாசிக்கிறான் என்பது தெரியாது. மேசையில் கிடந்தால்தானே தெரியும்?

யாரும் வாசிக்கவில்லை என்று நிறுத்தியாயிற்று என்றாள். அதை நான்தான் வாசித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

விசயம் விளங்கியதும் அவள் நூலகரிடம் ஓடினாள். நிறுத்தச் சொன்ன கடிதம் போய்விட்டது, திரும்ப எடுக்கக் காசும் இல்லை என்றார் அவர். இணையத்தில் ஒரு கட்டுரை வாங்கத் திவாகரனின் ஒரு கிழமைச் சம்பளம் வேண்டும். கட்டுரை எழுதியவர்களுக்கே மின்னஞ்சல் போட்டுப் பார்த்தான். இரண்டு பேர்தான் அனுப்பினார்கள். அண்மைய ஆய்வுகள் பார்க்கப்படவில்லை என்ற குறிப்போடு அவன் ஆய்வேடு திரும்பி வந்தது. திருத்தத் தந்த ஆறு மாதமும் ஓடி, ஒப்பந்தமும் முடிந்துவிட்டது.

அஸீமா சோறு தண்ணியில்லாமல் திரிந்தாள். ஆனால் அவன்மேல் அவளுக்குக் கோபமும் இருந்தது. எனக்கு அதைவிடக் கூட. இவ்வளவு படித்தவனுக்குச் சுவரில் இருப்பதை வாசிக்கத் தெரியாதா?

கட்டாருக்குப் போவதற்கு முதல்நாள் பயணம் சொல்ல வந்தான். பேரங்காடி ஒன்றில் மீன் வெட்டும் வேலையாம். அஸீமாவால் அடக்க முடியவில்லை.

"ஏன் மனே, மேசையில வெச்சிட்டுப் போங்க எண்டு அவ்வளவு பெரிசா எழுதி ஒட்டியிரிக்கே. நீ பாக்கல்லையா?"

"பாத்தனான் அக்கா." அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "படியில ஏறக்குள்ள நீங்க முழங்காலப் புடிச்சிக்கிட்டு நிண்டு நிண்டு வருவீங்க. வந்து குனிஞ்சு குனிஞ்சு அடுக்குவீங்க. என்ர ஒண்டாவது குறையட்டும் எண்டுதான் நானே வெச்சன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவனைப் பற்றி என்னவெல்லாம் நினைத்திருந்தேன்.

அவன் போன பிறகும் அஸீமா மாடிப்படியைப் பார்த்தபடி இருந்தாள். நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தேன்.

"நான் ஏறியிருப்பனே," என்றாள். "அந்தப் புள்ளைக்காக நூறு தரம் ஏறியிருப்பனே."