பொட்டு வைத்த கம்ப்யூட்டரில் மட்டும் ஓடியது

நீங்கள் அந்தப் புரோகிராமைச் சோதிக்கவே இல்லை. சோதித்ததாக மில் மேனேஜரிடம் சொன்னது பொய்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். தொழிலாளர் வருகையைப் பதிய நீங்கள் புரோகிராம் எழுதிக் கொண்டுவந்தீர்கள். ஆயுத பூஜைக்கு மேனேஜர் அறையிலிருந்த புதுக் கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். அதில்தான் ஓட்டிக் காட்டினீர்கள். நான் வேலை பார்த்ததோ ஷெட்டில், பஞ்சுத் தூசி படிந்த பழைய கம்ப்யூட்டரில். அதில் இருந்ததும் பழைய விண்டோஸ்.

“தம்பி, எம் மிஷின்லயும் செத்த நேரம் ஓட்டிப் பாத்துட்டுப் போங்க” என்றேன்.

“பொட்டு வச்சதுல ஓடுனா எதுலயும் ஓடும்க்கா. வேணும்னா அதுக்கும் ஒண்ணு வச்சு விடுங்க” என்றீர்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாதக் கடைசியில் திறந்து பார்த்தால் ஒரே ஒரு நாள் பதிவுதான் இருந்தது.

“என்னம்மா, மிச்சம் அம்புட்டும் எங்க போச்சு?” என்று மேனேஜர் கத்தினார்.

“அக்கா எதையோ அமுக்கிருக்காவ சார். இங்க நல்லாத்தான ஓடுது” என்று மறுபடியும் அதே புதுக் கம்ப்யூட்டரைக் காட்டினீர்கள். அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

என் இடத்துக்கு வந்த பெண்ணுக்கும் அப்படியே ஆனது. பிறகுதான் காரணம் பிடிபட்டது; அந்தப் பெண் பின்னாளில் என்னிடம் சொன்னாள். உங்கள் புரோகிராம், மில் பிரிவின் பெயரையும் அதன் பின்னால் தேதியையும் கோப்புக்குப் பெயராகப் போட்டு அன்றன்றைய பதிவைச் சேமிக்கும். பழைய விண்டோஸோ அந்தப் பெயரில் முதல் எட்டு எழுத்தைத்தான் எடுக்கும். தேதி விழுந்துவிட்டது. எல்லா நாளுக்கும் ஒரே பெயர், இன்றையது நேற்றையதை அழித்திருக்கிறது. நீங்கள் மேனேஜரிடம்கூடச் சொல்லாமல் பெயரைச் சுருக்கிச் சத்தமில்லாமல் சரி செய்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. விசையைப் பார்க்காமலே தட்டுவேன். பதிவை அழித்தவள் என்ற பெயரோடு எந்த மில்லும் சேர்க்கவில்லை. ஜவுளிக்கடையில் துணி மடித்தே காலம் போய்விட்டது.

இப்போது போன் புரோகிராம்களைச் சோதிப்பது பற்றிக் கல்லூரிகளில் பேசுகிறீர்களாம். பழைய போனில் முதலில் ஓட்டு, பயன்படுத்துகிறவர் கையில் கொடுத்துப் பார், உன் மேஜையில் ஓடியதை நம்பாதே என்கிறீர்களாம். எல்லாம் சரிதான். யாரைப் பலி கொடுத்து இதைக் கற்றீர்கள் என்பதையும் அந்தப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில், மைக்கில், எல்லோர் முன்னாலும் பதில் வேண்டும்: அந்தப் பதிவுகளை அழித்தது நானா, உங்கள் புரோகிராமா?