பையின் அடியில் மூன்றாம் எண்

கால்பந்து கிளப்பில் சட்டை துவைக்கும் வேலை எனக்கு. பார்வையாளர்கள் உட்காரும் படிக்கட்டுக்குக் கீழே நீளமான ஒரு அறை. இரண்டு பெரிய மெஷின், ஒரு இஸ்திரி மேஜை, சுவரில் வரிசையாக இருபத்தைந்து கொக்கி. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. எண்கள் தெரிந்தால் போதும், இந்த வேலையைப் பார்த்துவிடலாம். ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு எண், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பிள்ளை.

மூன்றாம் எண் சட்டை போட்டவனைப் பற்றித்தான் எழுதுகிறேன். பத்து வருஷம் தம்பி என்றே கூப்பிட்டுப் பழகியதால் 'அவன்' என்று எழுதுவதை யாரும் மரியாதைக் குறைவாக நினைக்கவேண்டாம். கிளப்பில் அவனுக்குப் பெயர் பூட்டு. இடது பக்கத்தில் காவல் நிற்பவன். எதிரணி ஆள் அந்தப் பக்கம் வந்துவிட்டால் தாண்டிப் போக முடியாது. ஒரு ஆட்டத்தில் எவனோ கூட்டத்திலிருந்து "பூட்டு போட்டாச்சுடா, வீட்டுக்குப் போ!" என்று கத்தினான். அன்றிலிருந்து அதுவே பெயராகிவிட்டது.

அவனுடைய அப்பா லாரியில் கிளீனராக இருந்தவர். சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இவன் காய்கறி மார்க்கெட்டில் விடியற்காலையில் மூட்டை இறக்கிவிட்டுப் பகலில் பந்து ஆடி வளர்ந்தவன். இருபத்துமூன்று வயதில் ஒரே ஒரு பையோடு எங்கள் கிளப்புக்கு வந்தான். மற்ற பிள்ளைகள் வியர்வைச் சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய உருட்டி என் கூடையில் எறிவார்கள். இவன் ஒருவன்தான் நேராகத் திருப்பி, உதறி, மடித்துப் போடுவான். "உங்களுக்கு ஒரு சட்டை திருப்புற வேலையாவது மிச்சமாகட்டும் அக்கா" என்பான்.

இங்கே வந்த பிறகுதான் கல்யாணம். மனைவி மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். மகள் மூன்றாம் வகுப்பு. மைதானத்தின் கிழக்கு வாசலையொட்டி இரண்டு அறை வீடு, கிளப் கொடுத்தது. ஒப்பந்தம் இருக்கும்வரை வீடும் இருக்கும்.

அந்த ஒப்பந்தத்தில் அவன் கையெழுத்துப் போட்டது என் இஸ்திரி மேஜைமேல்தான். அன்று ஆபீசில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டார். பூட்டு ஒரு வரியை எனக்குச் சத்தமாகவே படித்துக் காட்டினான். கடைசி வருஷத்தில் இருபது ஆட்டம் ஆடிவிட்டால் ஒப்பந்தம் தானாகவே இன்னொரு வருஷம் நீளும்.

"இருபதுதானே அக்கா, கண்ணை மூடிட்டு ஆடிடுவேன்" என்று சிரித்தான்.

அந்தக் கடைசி வருஷம் எங்கள் அணிக்கு வந்த கேடு, வெளியூர். சொந்த மைதானத்தில் ஓரளவு ஜெயிப்பார்கள். பஸ் ஏறி வேறு ஊருக்குப் போனால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்புவார்கள். பதினோரு ஊருக்குப் போய் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. கோச் பஸ்ஸை மாற்றிப் பார்த்தார். ஒரு நாள் முன்னாலேயே போய்த் தங்கிப் பார்த்தார். போனைப் பிடுங்கி வைத்துப் பார்த்தார். கடைசியில் சந்தேகம் டிரைவர் அண்ணன் வரைக்கும் போயிற்று. "கொண்டுபோய் விட்டதும் ஒழுங்கா விட்டேன், கூட்டிட்டு வந்ததும் ஒழுங்கா கூட்டிட்டு வந்தேன். நடுவுல தொண்ணூறு நிமிஷம் நடந்ததுக்கு என்னை ஏன் கேக்குறீங்க?" என்றார் அவர். சிரிக்காதவர் இல்லை.

துவைக்கிறவளுக்கு ஒன்று தெரியும். சொந்த ஊரில் ஆடிய சட்டை வந்தால் முழங்கையில், வயிற்றில் எல்லாம் புல்கறை இருக்கும். தேய்த்துத் தேய்த்து விரல் சிவந்துபோகும். வெளியூரில் ஆடிய சட்டை தொப்பலாக நனைந்திருக்கும். ஆனால் கறை இருக்காது. வியர்த்திருக்கிறார்கள், விழுந்து புரளவில்லை. இதைப் பூட்டிடம் ஒரு நாள் கேட்டேன்.

கையிலிருந்த சட்டையை மடித்துக் கூடையில் போட்டான். பிறகு சொன்னான்: "ஒம்போது பேருக்கு இந்த வருஷத்தோட ஒப்பந்தம் முடியுது அக்கா. இங்க ஆடும்போது ஜனங்க கத்துறதுல பயம் கேக்காது. வெளியூர்ல நல்லா கேக்குது. தப்பு பண்ணிடக் கூடாது, வீடு போயிடக் கூடாது. பந்து என்கிட்ட வராம இருந்தா போதும்னு ஒவ்வொருத்தனும் நினைக்கிறான். பந்து வேணாம்னு நினைக்கிற பதினோரு பேரு எப்படி ஜெயிக்கிறது?"

"நீயும் அப்படித்தானா தம்பி?"

"நான் மட்டும் என்ன வானத்துலேர்ந்து குதிச்சவனா?"

பத்தொன்பது ஆட்டம் ஆடியிருந்தான். சீசனில் இன்னும் ஐந்து பாக்கி. ஒன்று ஆடினால் போதும். அப்போது பார்த்து அவனை உட்காரவைத்தார்கள். முட்டிவலி என்று பலகையில் எழுதிப் போட்டார்கள். அவன் என் அறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டிக் காட்டினான். "என் முட்டி வலிக்குதாம் அக்கா. எனக்கே சொல்லாம வலிக்குது பாருங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. முப்பத்துமூன்று வயதானவனுக்கு இன்னொரு வருஷம் கொடுக்க ஆபீசுக்கு மனமில்லை என்று கிளப்பில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட.

நாலு ஆட்டம் போயிற்று. மிச்சம் கடைசி ஆட்டம், அதுவும் வெளியூர். அதற்கு முந்தின வாரம் அவன் இடத்தில் ஆடிய பையனுக்குச் சிவப்பு அட்டை கொடுத்துவிட்டார்கள். கடைசி ஆட்டத்தில் அந்தப் பையன் ஆட முடியாது. அணியில் இடது காவலுக்கு வேறு ஆள் கிடையாது. பூட்டு பஸ் ஏறினால் ஆடித்தான் ஆகவேண்டும், ஆடினால் இருபது.

இதற்கிடையில் வேறு ஊரில் ஒரு சின்ன கிளப் அவனைக் கேட்டிருந்தது. கீழ்ப் பிரிவில் ஆடுகிற கிளப். இரண்டு வருஷத்துக்கு எடுத்துக்கொள்கிறோம், வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் பதில் சொல்லவேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளைப் பார்ப்போம் என்றார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் வந்து என்னிடம் சொன்னான்.

"போயிடேன் தம்பி" என்றேன்.

"போனா இவ கடை வேலையை விடணும். பொண்ணு பள்ளிக்கூடத்தை விட்டு வரமாட்டேன்னு அழுவுறா. இங்க ஒரே ஒரு ஆட்டம் அக்கா. நாளைக்கு உங்க பையைப் பார்த்துட்டு முடிவு பண்றேன்."

என் பையைப் பற்றிச் சொல்லவேண்டும். வெளியூர் ஆட்டத்துக்கு முன்னால் வெள்ளிக்கிழமை காலையில் ஆபீசிலிருந்து எனக்கு ஒரு சீட்டு வரும். பதினெட்டு எண்கள். அந்தப் பதினெட்டுச் சட்டையை மட்டும் பெரிய பையில் அடுக்கவேண்டும். கோச் பெயர்களைப் படிப்பது மத்தியானம் பஸ் வாசலில்தான். அதற்கு முன்னால் விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்தி. வாயால் யாரிடமும் சொல்லமாட்டேன். சொல்லக் கூடாது. ஆனால் பையின் ஜிப்பை மூடாமல் வைத்திருப்பேன். பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வருவதுபோல் வருவார்கள், ஒரு பார்வை பார்ப்பார்கள், போவார்கள். பல வருஷமாக நடப்பது. பை பொய் சொல்லாது என்று அவர்களுக்குள் ஒரு பேச்சே உண்டு.

அந்த வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கே பூட்டு வந்தான். சீட்டு இன்னும் வரவில்லை என்றேன். பயிற்சிக்குப் போய்விட்டான். பத்தரைக்குச் சீட்டு வந்தது. இரண்டுக்குப் பிறகு நான்கு. மூன்று இல்லை. வலது பக்கம் ஆடுகிறவனை இடது பக்கம் நிறுத்திக்கொள்வார்களாம். சீட்டைக் கொண்டுவந்த ஆபீஸ் பையனே சொன்னான்.

பதினெட்டையும் அடுக்கினேன். ஒவ்வொன்றையும் மடிக்கும்போது அந்தப் பிள்ளைக்காக ஆண்டவனிடம் ஒரு வார்த்தை சொல்வது என் வழக்கம். அடி படாமல் திரும்பட்டும் என்று. பதினெட்டும் முடிந்த பிறகு கொக்கியில் மூன்று மட்டும் தனியாகத் தொங்கியது. எனக்குத் தாங்கவில்லை. எடுத்து மடித்தேன். "இவனைக் கைவிட்டுடாதே அப்பா, நீ நினைச்சா இன்னும் நேரம் இருக்கு" என்று சொல்லி, பையின் அடியில், கால்சட்டைகளுக்கும் கீழே வைத்தேன். சட்டையாவது போய்வரட்டும் என்று இருந்தது. மேலே பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அவனும் வந்து பார்ப்பான், மேலே மூன்று இருக்காது, அந்தக் கிளப்புக்குச் சரி என்று சொல்லிவிடுவான். இப்படித்தான் நினைத்தேன். பிறகு காலுறைகளை எடுக்க வெளியே கொடிக்குப் போனேன்.

நம்பிக்கை வைத்தவன் அடிவரைக்கும் தேடுவான் என்று எனக்குத் தோன்றாமல் போயிற்று.

காலுறைகளைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தபோது அவன் என் அறையிலிருந்து வெளியே வந்தான். காதில் போன். பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். முகத்தில் அவ்வளவு வெளிச்சம்.

"அந்த கிளப்புக்குப் பதில் சொல்லிட்டியா தம்பி?"

"சொல்லிட்டேன் அக்கா. இப்பதான்."

"நல்லதுப்பா. ஆண்டவன் காட்டின வழி."

"ஆமா அக்கா!" என்று ஓடினான். அங்கே வருகிறேன் என்று சொல்லிவிட்டான் என்றுதான் நான் நினைத்தேன். நிம்மதியாகக் காலுறைகளை ஜோடி சேர்த்தேன்.

ஒரு மணிக்குப் பஸ் வாசலில் கோச் பெயர்களைப் படித்தார். ஒவ்வொருவராக ஏறினார்கள். பதினெட்டும் முடிந்தது. பூட்டு தோளில் பையோடு அங்கேயே நின்றான்.

"நீ எதுக்குப்பா பையோட நிக்கிற?" என்றார் கோச்.

"என் பேரு விட்டுப்போச்சு சார். சட்டை உள்ளே இருக்கு."

"எந்தச் சட்டை?"

"மூணு சார். நான் பார்த்தேன்."

கோச் பெரிய பையை இறக்கச் சொன்னார். டிரைவர் அண்ணன் இறக்கினார். கோச் கையை விட்டுத் துழாவி, அடியிலிருந்து அதை வெளியே இழுத்தார். என்னைப் பார்த்தார். "யாரும்மா இதை வைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். நானாத்தான் வச்சேன். வேண்டிக்கிட்டு வச்சேன்."

பஸ்ஸுக்குள் எவனோ சிரித்தான். இன்னொருவன் அவனை அதட்டினான். பூட்டு என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஒன்றுமே இல்லை. ஓரமாகப் போய் அந்தக் கிளப்புக்குப் போன் போட்டான். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்தார்கள். அவன் "சரிங்க சார், சரிங்க சார்" என்று மட்டும் சொன்னது கேட்டது. அவன் வேண்டாம் என்றதும் காத்திருந்த வேறு ஆளிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்களாம்.

கோச் சட்டையை என் கையில் கொடுத்துவிட்டு ஏறினார். பஸ் போயிற்று. மறுநாள் அங்கேயும் தோற்றார்கள், இரண்டு கோல். இரண்டும் இடது பக்கமாக வந்தன என்று டிரைவர் அண்ணன் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு ஒரு ஆறுதலும் வரவில்லை.

திங்கட்கிழமை அவன் கொக்கியிலிருந்து தன் துண்டை எடுத்துப்போக வந்தான். நான் மன்னிப்புக் கேட்டேன். அழுதுவிட்டேன்.

"விடுங்க அக்கா. நல்லதுக்குத்தான் வச்சீங்க" என்றான். கதவுவரை போய் நின்றான். "ஆனா இனிமே யாருக்கும் அப்படி வைக்காதீங்க. நாங்க உங்க பையை நம்பிட்டுத்தான் இருக்கோம்."

மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்தார்கள். மனைவியின் அம்மா வீட்டுக்குப் போவதாக முடிவு. அங்கே காய்கறி மண்டியில் மூட்டைக் கணக்குப் பார்க்க ஆள் வேண்டும் என்று மாமனார் சொல்லியிருந்தார். நான் பாத்திரம் கட்ட உதவிக்குப் போனேன். அவன் மனைவி வேண்டாம் என்பாள் என்று பயந்துகொண்டே போனேன். அவள் பழைய செய்தித்தாளை என் பக்கம் தள்ளினாள். இருவரும் தட்டுகளைச் சுற்றினோம். மகள் ஜன்னலில் உட்கார்ந்து மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டாலும் திரும்பவில்லை.

கடைசிப் பெட்டியைக் கட்டும்போது அவன் மனைவி கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அவருக்கு உங்க மேல கோவம் இல்ல அக்கா. எனக்கு இருக்கு. நீங்க நல்லவங்கன்னு தெரியும். அதனால யார்கிட்டயும் சொல்லிக்கக்கூட முடியல."

"இருக்கட்டும்மா" என்றேன்.

முடிச்சுப் போட என் விரலை அந்தக் கயிற்றின்மேல் வைக்கச் சொன்னாள். வைத்தேன். இறுக்கிப் போட்டாள். வெளியே டெம்போவில் அவன் கட்டிலின் கால்களைக் கழற்றி ஏற்றிக்கொண்டிருந்தான். மகளைத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்தான். வண்டி கிழக்கு வாசலைத் தாண்டும்வரை நின்று பார்த்தேன்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல் ஆண்டவன் முன்னால் உட்கார்ந்தேன். அவனுக்கு நல்ல உடம்பும், பிள்ளைக்குப் புதுப் பள்ளிக்கூடத்தில் ஒரு நல்ல தோழியும் கொடு என்று கேட்டேன். அவன் மனைவியின் கோபம் தணியட்டும் என்று மட்டும் கேட்கவில்லை. அதைக் கேட்கும் பாத்தியதை எனக்கு இல்லை.